நிரந்தரப் பையா, தாழ்வான இணைப்பா: மலக்குடல் ஆபரேஷனுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து தியேட்டர் வாசல் வரைக்கும் குடும்பத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "சிஸ்டர், பை இல்லாம பண்ண முடியாதா?" நோய் முழுசாகப் போகுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். தப்பில்லை. வயிற்றில் துளை போட்டு அதன் வழியாக மலம் ஒரு பைக்குள் வரும் என்றால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் ஸ்டோமா, அதாவது வயிற்றில் போடும் அந்தத் துளையைக் கவனிக்கும் நர்ஸாக நான் பார்த்த வரைக்கும், பை கூடாது என்பதை மட்டுமே பிடித்துக்கொண்டு முடிவெடுத்தவர்களில் சிலர் ஒரு வருஷம் கழித்தும் கழிவறையை விட்டுத் தள்ளி உட்கார முடியாமல் இருக்கிறார்கள். அழுதுகொண்டே நிரந்தரப் பைக்குச் சம்மதித்த சிலர் திருப்பதி போய் வந்து வார்டில் லட்டு கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லவில்லை. "பை இருக்குமா இருக்காதா" என்பது பாதிக் கேள்வி. கட்டியை வெட்டிவிட்டுக் குடலை ஆசனவாயோடு இணைத்த பிறகு அந்த ஆசனவாய் எப்படி வேலை செய்யும் என்பது மீதிக் கேள்வி, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

யாருக்கு இந்தக் குழப்பமே தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலக்குடல் ஆசனவாயிலிருந்து மேலே சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். கட்டி அதன் மேல்பகுதியில் இருந்தால் வெட்டிவிட்டு இணைத்துவிடுவார்கள், நிரந்தரப் பை என்ற பேச்சே பெரும்பாலும் வராது. ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத் தசைக்குள்ளேயே கட்டி ஆழமாகப் புகுந்துவிட்டது என்று எம்ஆர்ஐயில் தெரிந்தால் அங்கேயும் பெரிய விவாதம் இல்லை, ஆசனவாயோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். சிக்கல் நடுவில்தான். கட்டி 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, தசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ரேடியேஷன் கொடுத்தபின், அதாவது நம் ஊரில் சொல்கிற மாதிரி கரன்ட் வைத்தபின், கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறது. சர்ஜன் "இணைக்கலாம், ஆனா..." என்று இழுக்கிறார். அந்த "ஆனா"வைப் பற்றித்தான் இது.

இருக்கிற வழிகள் என்னென்ன? ஒன்று, மலக்குடலையும் ஆசனவாயையும் மொத்தமாக எடுத்துவிட்டுக் கீழே தைத்து மூடிவிடுவது, இடது பக்க வயிற்றில் பெருங்குடலின் நுனியைக் கொண்டுவந்து நிரந்தரக் கொலாஸ்டமி வைப்பது. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் 1908-ல் இதை விவரித்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்குத் தாழ்வான மலக்குடல் கட்டி என்றால் இதுதான் கதி என்றிருந்தது. இரண்டாவது, கட்டியை எடுத்துவிட்டுப் பெருங்குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைப்பது. வட்டமாகத் தைக்கும் ஸ்டேப்ளர் கருவி வந்தபிறகுதான் இவ்வளவு தாழ்வாக இணைப்பது சாதாரணமானது. இங்கிலாந்தின் பேஸிங்ஸ்டோக் ஊர் சர்ஜன் பில் ஹீல்ட் 1982-ல் எழுதிய முறைப்படி, மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கிழியாமல் முழுசாக எடுக்க ஆரம்பித்ததும் அதே இடத்தில் நோய் திரும்புவது நன்றாகக் குறைந்தது. இப்படி இணைத்த இடம் ஆறுவதற்காக வலது பக்கம் தற்காலிகமாக ஒரு இலியாஸ்டமி, அதாவது சிறுகுடலை வெளியே கொண்டுவந்து ஒரு ஸ்டோமா, வைப்பார்கள். மூன்றாவது, அந்தத் தற்காலிகப் பையும் இல்லாமல் இணைப்பது. நான்காவது, கரன்டும் கீமோவும் கொடுத்துக் கட்டி முழுசாக மறைந்துவிட்டால் ஆபரேஷனே செய்யாமல் கண்காணிப்பது. அது எல்லோருக்கும் கிடைக்கிற அதிர்ஷ்டம் இல்லை, கடைசியில் வருகிறேன்.

உயிர் விஷயத்தில் எது மேல் என்றுதான் மகன்களும் மருமகன்களும் கேட்பார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நோய் நிச்சயம் திரும்பாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, அது சரியில்லை. வெட்டிய விளிம்பில் புற்றுசெல் இல்லாமல் சுத்தமாக வந்ததா என்பதுதான் முக்கியம். கரன்ட் வைத்த தாழ்வான கட்டியில் கீழ்ப்பக்கம் 1 சென்டிமீட்டர் நல்ல திசு கிடைத்தாலே பெரும்பாலும் போதும் என்கிறார்கள். சுற்றுவிளிம்பு, அதாவது எடுக்கும் பகுதியின் சுற்றிலும் உள்ள ஓரம், சுத்தமாக வரும் என்றால் ஆசனவாயையும் சேர்த்து எடுப்பதால் கூடுதல் ஆயுள் கிடைக்காது. சுத்தமாக வராது என்றால் இணைப்புக்கு ஆசைப்படவே கூடாது. இதை எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை முன்னால் வைத்துச் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். அவர் "ரெண்டு வழியிலும் சுத்தமா எடுத்துடலாம்" என்று சொன்னால்தான் இனி வருவதற்கெல்லாம் அர்த்தம்.

இணைப்பு என்றால் என்னென்ன சேர்ந்து வரும்

இணைத்த இடம் விட்டுப்போவதுதான் முதல் பயம். ஆஸ்பத்திரி பாஷையில் லீக். மலம் இடுப்புக்குள் கசிந்து, சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். இணைப்பு எவ்வளவு தாழ்வோ அவ்வளவுக்கு லீக் வாய்ப்பு அதிகம். இடுப்பு குறுகலாக இருப்பதால் ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல்; கரன்ட் வைத்திருந்தால், சிகரெட் பிடித்தால், சத்தில்லாமல் இளைத்திருந்தால் இன்னும் கூடுதல்.

தற்காலிகப் பை இங்கேதான் உதவுகிறது. ஸ்வீடனில் 21 ஆஸ்பத்திரிகளில் 234 பேரை வைத்து நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தாழ்வாக இணைத்தவர்களில் தற்காலிகப் பை வைத்தவர்களுக்கு 10.3 சதவீதம் லீக், வைக்காதவர்களுக்கு 28 சதவீதம். லீக் ஆனவர்களை அவசரமாக மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோவதும் பை வைத்தவர்களிடம் குறைவாகவே நடந்தது. இதைப் படித்தபிறகு "தற்காலிகப் பை கூட வேண்டாம், நேரா இணைச்சிடுங்க" என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்வான இணைப்பில், அதுவும் கரன்ட் வைத்த உடம்பில், பை இல்லாமல் போவது பணம் கட்டி ஆடுகிற சூதாட்டம். மூன்றாவது வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சரி, தற்காலிகப் பைதானே, மூணு மாசம்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. சொல்லப்போனால் நான் பார்த்த ஸ்டோமாக்களிலேயே சமாளிக்கக் கஷ்டமானது இதுதான். சிறுகுடலிலிருந்து வருவது மலம் மாதிரி இருக்காது, கூழ் மாதிரி, சில நாள் தண்ணீராகவே வரும். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை சாதாரணம். அதில் செரிமான நீர் கலந்திருப்பதால் தோலில் பட்டால் சில மணி நேரத்தில் வெந்த மாதிரி சிவந்துவிடும். அதனால்தான் இலியாஸ்டமியை மட்டும் குழாய் மூக்கு மாதிரி 2, 2.5 சென்டிமீட்டர் வெளியே தூக்கி மடித்துத் தைக்கிறார்கள், பர்மிங்ஹாமில் பிரையன் புரூக் 1952-ல் சொல்லிக்கொடுத்த முறை. மூக்கு தட்டையாக உட்கார்ந்துவிட்டால் பை ஒட்டவே ஒட்டாது, ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்து எழுந்திருக்க வேண்டிவரும்.

தோலைவிடப் பெரிய தொல்லை நீர்ச்சத்து இழப்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டிப் போக ஆரம்பித்தால் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போய்விடும், சிறுநீரகம் அடி வாங்கும். இலியாஸ்டமி வைத்து வீட்டுக்குப் போனவர்கள் சில வாரத்துக்குள் திரும்ப அட்மிட் ஆவதற்கு முக்கியமான காரணம் இதுதான். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இங்கே வீடுகளில் செய்யும் தவறு ஒன்று: அதிகமாகப் போகிறதே என்று வெறும் தண்ணீரையும் இளநீரையும் லிட்டர் கணக்கில் கொடுப்பார்கள். வெறும் தண்ணீர் அளவுக்கு மீறினால் குடலிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு இன்னும் அதிகமாக வெளியே வரும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் ரொம்பக் கம்மி. இழப்பது சோடியம். ஓஆர்எஸ் பொடி, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட மோர் என்று போக வேண்டும், மோர் குடித்து அதிகமானால் அதை நிறுத்தவும் வேண்டும். இதய நோய்க்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ உப்பைக் குறைத்தவர்கள், சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், இது பலருக்கும் விட்டுப்போகிறது.

சாப்பாட்டில் முதல் ஆறேழு வாரம் நார் தான் எதிரி. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ, மக்காச்சோளம், தேங்காய்ச் சில், காளான். வீங்கியிருக்கும் ஸ்டோமாவின் வாயில் இவை போய் அடைத்துக்கொண்டால் வயிறு உப்பி வாந்தி வந்து, திரும்ப ஆஸ்பத்திரிதான். இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம் எல்லாம் நல்லது, கொஞ்சம் கட்டியாக்கவும் செய்யும். இன்னொன்று, பை வைத்திருக்கும்போதே கீழ்வழியாக ஜவ்வு மாதிரி, சளி மாதிரி வரும். பயந்துபோய் ஆட்டோ பிடித்து வந்தவர்கள் உண்டு. மலம் போகாமல் ஓய்வில் இருக்கும் கீழ்க்குடலும் சளி சுரந்துகொண்டுதான் இருக்கும், அது இயல்பு.

அப்புறம் இந்தத் தற்காலிக ஸ்டோமாவை மூடுவது. சாதாரணமாக 8 முதல் 12 வாரம் என்பார்கள், நடுவில் கீமோ வந்தால் ஆறு மாதமும் ஆகும். லீக் இல்லை என்று சோதனையில் உறுதியான சிலருக்கு 8 முதல் 13 நாளுக்குள்ளேயே மூடிப் பார்த்த டென்மார்க்-ஸ்வீடன் ஆய்வில் சிக்கல் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும், கேட்டவுடன் செய்கிற காரியம் இல்லை. மூடுவதும் ஒரு ஆபரேஷன்தான். 6000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் சுமார் 17 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்திருக்கிறது, குடல் அடைப்பு, காயத்தில் சீழ் என்று. 0.4 சதவீதம் பேர் இறந்தும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் மூட முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வில் சேர்ந்தவர்களையே பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோது 19 சதவீதம் பேர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர், கடைசியில் நிரந்தரப் பையோடுதான் இருந்தார்கள். லீக் ஆனவர்களில் பாதிக்கும் மேல். தற்காலிகம் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது இந்த ஐந்தில் ஒன்றையும் கேட்டுக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூடியபின் தொடங்கும் கதை

பையை எடுத்துவிட்டார்கள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பழைய மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கும்போதுதான் அடுத்தது தொடங்குகிறது. மலக்குடல் என்பது வெறும் குழாய் இல்லை. மலத்தைச் சேர்த்து வைக்கும், வாயுவா மலமா என்று பிரித்துச் சொல்லும், கொஞ்சம் பொறு என்றால் பொறுக்கும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருங்குடலை இழுத்து வைத்தால் அதற்கு இந்த வேலை எதுவும் தெரியாது. கரன்ட் வைத்திருந்தால் தசையும் நரம்பும் விறைத்திருக்கும். இதன் விளைவுகளுக்கு லார்ஸ் என்று பெயர். டென்மார்க்கில் 2012-ல் இதை அளக்க ஐந்தே கேள்வி வைத்து ஒரு மதிப்பெண் முறை செய்தார்கள்: வாயுவை அடக்க முடிகிறதா, தண்ணீர் மாதிரி போகும்போது அடக்க முடிகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, போய்விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, ஓட வேண்டியிருக்கும்படி அவசரமாக வருகிறதா. மொத்தம் 42. முப்பதைத் தொட்டால் கடுமையானது. மலக்குடல் ஆபரேஷனில் இணைத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பத்தில் நாலு பேர் இந்தக் கடுமையான பிரிவில் வருகிறார்கள். கட்டி தாழ்வாக இருந்து கரன்டும் வைத்தவர்களுக்கு அதைவிட மோசமாகவே எதிர்பார்க்க வேண்டும்.

காகிதத்தில் மதிப்பெண்ணாகப் பார்த்தால் இது புரியாது. ஒரு பஸ் கண்டக்டர், ஐம்பது வயதுக்குள், இணைப்பு நன்றாக ஆறியிருந்தது, லீக் இல்லை, பை மூடியாயிற்று, ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லாமே வெற்றி. அவர் காலையில் டியூட்டிக்கு முன்னால் எதுவும் சாப்பிட மாட்டார். ஒரு டிரிப் முடியும் வரை வெறும் வயிறு, ரூட்டில் எந்த ஸ்டாண்டில் கழிவறை திறந்திருக்கும், எந்த டீக்கடைக்காரர் பின்பக்கம் போக விடுவார் என்பதெல்லாம் மனப்பாடம். ராத்திரி சாப்பிட்டபின் ஏழெட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. தோல் உரிந்துபோய் சைக்கிளில் உட்கார முடியாது. "மூணு மாசம் பை வச்சிருந்தப்ப நிம்மதியா டூட்டி பாத்தேன் சிஸ்டர்" என்று அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை.

இதற்கு வைத்தியமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மலத்தைக் கட்டுகிற லோபெரமைட் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுப்பது, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியாகத் தினம் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவும் முறை, எல்லாமே பலருக்கு உதவுகின்றன. முதல் வருஷத்தில் தானாகவும் கொஞ்சம் குறையும். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு மேல் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும்.

நிரந்தரக் கொலாஸ்டமி: பயப்படுவது ஒன்று, படுவது வேறொன்று

பை என்றதும் நம் ஆட்கள் மனதில் வருவது நாற்றம். அது பழைய காலத்துப் படம். 1954-ல் எலிசே சொரென்சென் என்ற டேனிஷ் நர்ஸ், ஸ்டோமா வைத்த தன் தங்கை வெளியே போகவே கூச்சப்படுவதைப் பார்த்துத் தோலில் ஒட்டுகிற பையை யோசித்துக் கண்டுபிடித்தார், இன்றைய பை எல்லாம் அதன் வாரிசுதான். ஒழுங்காக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது, வந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். காலிசெய்யும்போது வரும் வாடை எல்லோருக்கும் கழிவறையில் வருவதுதான்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த கொலாஸ்டமியில் மலம் கட்டியாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை வரும். தோல் அவ்வளவாகப் புண்ணாகாது, நீர்ச்சத்துப் பிரச்சினை இல்லை, முருங்கைக்காயும் சாப்பிடலாம். இணைப்பே இல்லாததால் லீக் என்ற பேச்சும் இல்லை. மூடுவதற்கென்று இன்னொரு ஆபரேஷனும் கிடையாது.

நம்மிடம் ரொம்பக் குறைவாகச் சொல்லிக்கொடுக்கப்படுவது இரிகேஷன். வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் லிட்டரோ ஒரு லிட்டரோ ஒரு பையில் ஊற்றி, தோள் உயரத்தில் ஆணியில் மாட்டி, கூம்பு முனையை ஸ்டோமாவில் வைத்து மெதுவாக உள்ளே விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் மலமும் சேர்ந்து நீளமான உறை வழியாகக் கழிவறைக்குள் போய்விடும். மொத்தமாக ஒரு மணி நேரம் பிடிக்கும். பழகியபின் அடுத்த 24 மணி, சிலருக்கு 48 மணி நேரம் ஒன்றும் வராது, சின்ன மூடி மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு போகலாம். எங்களிடம் வரும் ஒரு பாட்டி விடிகாலையில் இந்தியன் கழிவறை முன்னால் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து இதை முடித்துவிட்டுத்தான் குளித்துக் கோலம் போடுகிறார், கோயிலுக்குப் பையோடு போவதா என்ற கவலையும் அதோடு தீர்ந்தது அவருக்கு. இலியாஸ்டமிக்கு இது ஒத்துவராது, பெருங்குடலின் இடது பக்கக் கொலாஸ்டமிக்குத்தான். டாக்டர் சரி என்றபின், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நர்ஸிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

இதிலும் கெட்டது இல்லாமல் இல்லை. ஆசனவாயை எடுத்த இடத்துக் காயம், குறிப்பாகக் கரன்ட் வைத்தவர்களுக்கு, சீக்கிரம் ஆறாது. சிலருக்கு மாதக்கணக்கில் டிரஸ்ஸிங், நேராக உட்கார முடியாது. ஆசனவாய் இல்லை என்று தெரிந்தும் மலம் முட்டுகிற மாதிரி உணர்வு பல மாதம் வந்து போகும். வருஷங்கள் போகப்போக ஸ்டோமா பக்கத்தில் குடல் பிதுங்கும், இது உண்மையிலேயே பெரிய பிரச்சினை. ஒரு வருஷத்தில் 30 சதவீதத்துக்கு மேல், நீண்ட காலத்தில் பாதிப் பேருக்கு வருகிறது. மூட்டை தூக்குகிறவர்கள், விடாத இருமல் உள்ளவர்கள், தொந்தி உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தாம்பத்தியம், சிறுநீர் கழிப்பது இரண்டுக்கும் போகும் நரம்புகள் எந்த ஆபரேஷனிலும் அடிபடலாம், ஆசனவாயையும் சேர்த்து எடுக்கும்போது வாய்ப்பு கூடுதல். இதை வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறார்கள், டாக்டரும் கூட்டத்தில் சொல்வதில்லை. இளைஞர்களாக இருந்தால் கரன்ட் வைப்பதற்கு முன்னாலேயே விந்தணு சேமிப்பைப் பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு இடுப்பில் கரன்ட் வைத்தால் மாதவிடாய் நின்றே போகலாம், குழந்தை வேண்டும் என்றிருந்தால் அதற்கும் முன்னாலேயே வழி கேட்க வேண்டும்.

இப்படி இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் வாழ்க்கைத்தரத்தில் எது மேல்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-ல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 14-ல் நிரந்தரப் பை வைத்தவர்களின் வாழ்க்கைத்தரம் இணைத்தவர்களைவிட மோசமாக இல்லை. மீதியில் வித்தியாசம் இருந்தது, ஆனால் எப்போதும் இணைத்தவர்கள் பக்கமாக இல்லை. பை இல்லாவிட்டால் நிச்சயம் நன்றாக இருப்போம் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் எந்தப் பக்கம்

ஆபரேஷனுக்கு முன்பே, கட்டியால் வரும் அவசரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடக்க முடியாமல் துணி நனைந்துகொண்டிருந்தவர் என்றால் நிரந்தரக் கொலாஸ்டமிதான் என் வோட்டு. சிக்கலான பிரசவத்தில் தசை கிழிந்த அம்மாக்கள், எழுபது தாண்டியவர்கள், முட்டிவலியால் கழிவறைக்கு வேகமாக நடக்க முடியாதவர்கள் இதில் வருவார்கள். வயலில் நாள் முழுக்க நிற்கிறவர், பக்கத்தில் கழிவறை இல்லாத வேலைக்காரர், லாரி ஓட்டுகிறவர், இவர்களும் நன்றாக யோசிக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு தடவை போகிற ஆசனவாயைவிட ஒரு தடவை காலிசெய்கிற பை அவர்களுக்கு எளிது. இன்னொரு ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்கிற இதய நோயாளிக்கும் அதுவே.

வயது ஐம்பதுக்குள், இறுக்கிப் பிடிக்கும் சக்தி நன்றாக இருக்கிறது, எம்ஆர்ஐயில் தசைக்கு மேலே இடைவெளி தெரிகிறது, கழிவறை கையெட்டும் தூரத்தில் உள்ள வேலை, மூன்று முதல் ஆறு மாதம் இலியாஸ்டமியைச் சமாளிக்க வீட்டில் ஆள் உண்டு என்றால் இணைக்கச் சொல்வேன், தற்காலிகப் பையோடு. லார்ஸ் எவ்வளவு வரும் என்று வயது, கட்டியின் உயரம், கரன்ட் வைத்தார்களா என்பதையெல்லாம் போட்டு முன்கூட்டியே கணிக்கும் போலார்ஸ் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது, உங்கள் சர்ஜனிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திருமணம் ஆகப்போகிறதே, பெண் கொடுக்க மாட்டார்களே என்பதற்காக மட்டும் தாழ்வாக இணைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அந்தப் பயம் வீட்டில் பேசப்படுகிறது என்று தெரியும்.

சிலர் இலியாஸ்டமிக்குப் பதில் தற்காலிகமாகப் பெருங்குடலிலேயே பை வைக்கக் கூடாதா என்பார்கள். வைக்கலாம், நீர்ச்சத்து இழப்பு குறையும், ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது நல்ல யோசனை. ஆனால் பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் வைக்கும் அந்த ஸ்டோமா பெரிதாக இருக்கும், வாடை அதிகம், வெளியே சரிந்து நீண்டு வருவதும் அதிகம்.

கண்காணிப்பு வழி பற்றிச் சொன்னேன் அல்லவா. பிரேசிலின் சாவோ பாலோவில் சர்ஜன் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா 2004-ல் வெளியிட்ட முடிவுகளுக்குப்பின் உலகம் முழுக்கப் பரவியது. கரன்டும் கீமோவும் முடிந்தபின் விரலாலும் ஸ்கோப்பாலும் எம்ஆர்ஐயாலும் பார்த்துக் கட்டி துளியும் இல்லை என்றால் வெட்டாமல் விடுவது. அப்படி விட்ட 880 பேரைப் பற்றிய பன்னாட்டுப் பதிவேட்டில் இரண்டு வருஷத்தில் நால்வரில் ஒருவருக்கு அதே இடத்தில் திரும்ப முளைத்தது. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் காப்பாற்ற முடியும். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வர வேண்டும். ஊருக்குப் போய்விட்டு "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று வராமல் இருப்பவருக்கு இது ஆபத்தான வழி, வருகிறவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நல்லது.

காசு விஷயம் சுருக்கமாக. காப்பீட்டுத் திட்டங்களில் ஆபரேஷன் செலவு அடங்கிவிடும், பை மாதாமாதம் வாங்குவது பெரும்பாலும் கைக்காசுதான். இலியாஸ்டமி பைக்குச் செலவு அதிகம், ஏனென்றால் அடிக்கடி மாற்ற வேண்டும். இரிகேஷன் செய்கிற கொலாஸ்டமிக்காரருக்கு அது குறைந்துவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்னால் உங்கள் ஊரில் எந்தக் கடையில் எந்த அளவு பை கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள்.

கடைசியாக, எந்த வழியென்றாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வயிற்றில் இடம் குறிப்பது. இதை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல ஆபரேஷனும் பாழ். படுத்த நிலையில் தட்டையாகத் தெரிகிற வயிறு உட்கார்ந்தால் மடிப்பு விழும். அதனால் உட்கார வைத்து, நிற்க வைத்து, குனியச் சொல்லிப் பார்ப்போம். வேட்டி எங்கே கட்டுவார், அரைஞாண் கயிறு எங்கே ஓடுகிறது, புடவை கட்டுகிறவர் என்றால் பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நெய்கிறவர் என்றால் தறிக்கட்டை வயிற்றில் எங்கே முட்டும் என்று அவரையே உட்கார்ந்து காட்டச் சொல்ல வேண்டும். ஸ்டோமாவை அவரே குனிந்து பார்க்க முடிய வேண்டும், தொந்தியின் அடியில் மறைந்தால் பை மாற்ற எப்போதும் இன்னொருவர் கை வேண்டும்.

தாழ்வான கட்டியில் இணைக்க முடியுமா என்பது சில நேரம் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் கையெழுத்து வாங்கும் தாளில் இரண்டு வழியும் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் நோயாளியாகவே இருக்கட்டும், மாமாவோ மச்சானோ வேண்டாம். "இணைப்பு சுமாராத்தான் வரும்னு தோணுச்சுன்னா இழுத்துப் பிடிச்சு இணைக்க வேண்டாம், பை போட்டுடுங்க" என்றோ, "கொஞ்சம் கஷ்டம்னாலும் இணைச்சிடுங்க, நான் சமாளிச்சுக்கிறேன்" என்றோ, எது உங்கள் விருப்பமோ அதை முந்தின நாளே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றில் வலது பக்கம் இலியாஸ்டமிக்கு ஒன்று, இடது பக்கம் கொலாஸ்டமிக்கு ஒன்று என்று இரண்டு குறியும் போட்டாயிற்றா என்று தியேட்டருக்குப் போகும் முன் நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வார்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.